டாகேரோடைப்புக்கு எந்தத் தகடு வாங்குவது?

வெள்ளித் தகட்டில் எடுக்கும் பழைய காலத்துப் புகைப்படமான டாகேரோடைப்பைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கோணத்தில் படம் தெரியும், இம்மி சாய்த்தால் படம் மறைந்து நம் முகம் தெரியும். அதில் கறுப்பு என்று நாம் பார்ப்பது எந்தச் சாயமும் அல்ல. மெருகேற்றிய வெறும் வெள்ளி அது. எதிரே இருட்டான துணியோ சுவரோ இருந்தால் அந்த இருட்டை வாங்கி நமக்குக் காட்டுகிறது. உண்மையில் தகட்டின்மேல் உருவாகி உட்கார்ந்திருப்பது வெளிச்சப் பகுதிகள் மட்டுமே. ஒளி பட்ட இடங்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் படிந்து, விழும் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகத் தெரிகின்றன. ஒளி படாத இடத்தில் தகட்டைத் தவிர ஒன்றும் இல்லை.

ஃபிலிமில் படம் எடுக்கும்போது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் எப்படிப்பட்டது என்று நாம் கவலைப்படுவதில்லை. படத்தைத் தாங்கினால் போதும். இங்கே தகடுதான் படத்தின் நிழல். தகட்டில் கீறல் இருந்தால் நிழலில் கீறல் கிடக்கும். மெருகு மங்கினால் கறுப்பு சாம்பலாகிவிடும். எந்த லென்ஸ், எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் தகட்டை முடிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். நான் சில வருடங்களாகப் பாதரசம் இல்லாத முறையில் சிறிய தகடுகள் செய்துவருகிறேன். தகட்டு விஷயத்தில் ஆரம்பத்தில் எடுத்த தவறான முடிவுகளால் நிறைய நாளும் பணமும் போயின. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் சுற்றுவழி வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், தகடு எதையெல்லாம் தாங்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம். 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரீஸில் வெளியிடப்பட்ட லூயி டாகேரின் முறை இதுதான்: வெள்ளி பூசிய செம்புத் தகட்டை மெருகேற்ற வேண்டும், அயோடின் ஆவியில் காட்டி மேலே ஒளியுணரும் வெள்ளி அயோடைடு படலம் வரச் செய்ய வேண்டும், கேமராவில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், சூடான பாதரச ஆவியில் படத்தை வரவழைக்க வேண்டும், மிச்சமுள்ள அயோடைடை உப்புக் கரைசலிலோ ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலிலோ கரைத்து எடுத்துவிட வேண்டும். மறு வருடமே ஃபிஸோ என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இன்னொரு படியைச் சேர்த்தார். தகட்டின்மேல் தங்கக் கரைசலை ஊற்றி, அடியில் தீபம் காட்டிச் சூடாக்கினால் படத்தின்மேல் மெல்லிய தங்கம் படிந்து அது உறுதியாகும். அதே 1840-இல் எட்மண்ட் பெக்கரேல் ஒன்றைக் கவனித்தார். கேமராவிலிருந்து எடுத்த தகட்டைச் சிவப்புக் கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்தால், பாதரசமே இல்லாமல் படம் மெல்ல மேலெழும்பி வரும். வீட்டில் செய்யும் பெரும்பாலானோர் இன்று கையாள்வது இந்த முறையைத்தான். நானும் அப்படித்தான்.

ஆக, தகட்டின் மேற்பரப்பு சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்ப்பதற்கு அந்த வெள்ளியில் போதிய கனம் வேண்டும். தகடு சமதளமாக, வளையாமல் நிற்க வேண்டும். தங்கம் ஏற்றும்போது சூட்டில் உரியவோ கொப்பளிக்கவோ கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. நான்கையும் சேர்த்துத் தரும் தகடு கிடைப்பதுதான் சிரமம்.

பொத்தானில் தொடங்கிய தகடு

டாகேர் கையில் எடுத்தது அவர் கண்டுபிடித்த பொருள் அல்ல. சுமார் நூறு வருடம் முன்பே, 1743 வாக்கில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தாமஸ் போல்சோவர் என்ற கத்தித் தொழிலாளி ஒரு கைப்பிடியைச் சரிசெய்யும்போது சூடு கூடிப்போய், வெள்ளியும் செம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று சொல்வார்கள். ஒட்டியதை உருளையில் கொடுத்து நீட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே உலோகம் போலச் சேர்ந்தே நீண்டன. அதைக்கொண்டு அவர் முதலில் செய்தது பொத்தான்கள். ஷெஃபீல்ட் தகடு என்ற பெயர் அப்படி வந்தது. வெள்ளிப் பாத்திரம் வாங்க முடியாதவர்களின் வீட்டு மேசைக்கு வெள்ளிப் பளபளப்பைக் கொண்டுவந்தது அந்தத் தகடு. டாகேர் காலத்துப் பாரீஸில் இதே வகைத் தகட்டை உருட்டிக் கொடுக்கும் பட்டறைகள் இருந்தன. அமெரிக்காவில் தகடு செய்து பெயர் வாங்கிய ஸ்கோவில் நிறுவனமும் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரியில் பொத்தானும் பித்தளைப் பொருளும் செய்துவந்ததுதான்.

பழைய டாகேரோடைப்பைச் சட்டத்திலிருந்து கழற்றினால், பல தகடுகளின் ஓரத்தில் செய்தவரின் முத்திரையும் 40 என்ற எண்ணும் குத்தியிருக்கும். நாற்பதில் ஒரு பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள். தகடு அரை மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் மேலே இருக்கும் வெள்ளி ஏறத்தாழ 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். முலாம் போடக் கொடுக்கும்போது இதே எண் திரும்ப வரும்.

ஒட்டி உருட்டிய தகட்டின் அருமை அதன் இறுக்கத்தில் இருக்கிறது. உருளையின் அழுத்தத்தில் வெள்ளி நெருக்கமாகி, கெட்டிப்பட்டு, தேய்க்கத் தேய்க்க ஆழமான கறுப்பைத் தருகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் இடையில் பசையோ வேறு உலோகமோ இல்லை. சூட்டில் உரியும் என்ற பயமும் இல்லை. குறை என்றால், உருட்டும்போது உள்ளே சிக்கிய அழுக்கோ காற்றோ நுண்குழிகளாக மேலே தெரியலாம். எவ்வளவு மெருகேற்றினாலும் அந்தக் குழிகள் போகாது.

இன்று வாங்க வேண்டும் என்றால்? மின் தொடர்புப் பகுதிகளுக்காக வெள்ளியைச் செம்பில் ஒட்டி உருட்டும் தொழில் இப்போதும் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது நாடா போன்ற குறுகிய பட்டைகள், அதுவும் பெரிய ஆர்டராக. உள்ளங்கை அளவில் பத்துத் தகடு கேட்கிறவருக்காக யாரும் உருளையை ஓட்ட மாட்டார்கள். எங்காவது கிடைத்தால் விடாமல் வாங்குங்கள். கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மின்முலாம்

டாகேரோடைப் பிறந்த மறு வருடம், 1840-இல், பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்சாரத்தால் வெள்ளி முலாம் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பிரான்ஸில் அந்த உரிமையை வாங்கியவர் ஷார்ல் கிறிஸ்டோஃப்ல். அவருடைய நிறுவனத்தின் முத்திரை குத்திய டாகேரோடைப் தகடுகளும் பின்னால் சந்தைக்கு வந்தன. புதுக் கலையும் புதுத் தொழிலும் ஒரே காலத்தில் வளர்ந்து ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஃபிலடெல்ஃபியாவின் ராபர்ட் கொர்னீலியஸ். அவர் விளக்குத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், வெள்ளி முலாமிலும் மெருகிலும் கை தேர்ந்தவர். 1839-இல் ஜோசஃப் சாக்ஸ்டன் என்பவர் டாகேரோடைப்புக்குத் தகடு செய்துதரச் சொல்லி அவரிடம் போனார். தகடு செய்யப் புகுந்தவருக்குப் படத்தின் மேலேயே ஆசை வந்துவிட்டது. அந்த வருடமே கேமரா முன் நின்று தன்னைத் தானே எடுத்துக்கொண்டார். கலைந்த தலைமுடியோடு சற்று ஓரமாக நிற்கும் அந்தப் படம் இன்று அமெரிக்காவின் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. இந்தக் கலையில் தகடு தெரிந்தவருக்கே முதல் கதவு திறந்தது என்று நான் நினைப்பது அவரை வைத்துத்தான்.

இன்றைக்குக் கைக்கு எட்டும் வழி மின்முலாம்தான். ஊரில் ஒரு முலாம் பட்டறை இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். ஆனால் அந்தப் பட்டறைக்கு வரும் மற்ற வேலை எல்லாம் குத்துவிளக்கு, பூஜைத் தட்டு, பரிசுக் கோப்பை. அவற்றுக்கு நல்லதாக இருப்பது நமக்கு ஆகாது. இதை நான் கற்றுக்கொண்டது கஷ்டப்பட்டுத்தான்.

முதல் முறை ஆறு செம்புத் தகடுகளை ஒரு பட்டறையில் கொடுத்தேன். வாங்கும்போது கண் கூசும் பளபளப்பு. ஆசையாக வீட்டுக்குக் கொண்டுவந்து அயோடின் பெட்டியில் வைத்தேன். வழக்கமாக ஓரிரு நிமிடத்தில் வர வேண்டிய மஞ்சள் நிறம் வரவே இல்லை. பத்து நிமிடம் கழித்து ஓரத்தில் மட்டும் திட்டுத்திட்டாக ஒரு சாயல். தகட்டின்மேல் கறுக்காமல் இருப்பதற்காகக் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூசியிருந்தார்கள். அசிட்டோனில் துடைத்து அதை எடுத்தேன். மெருகேற்றத் தொடங்கியதும் நடுவில் சிவப்பாகச் செம்பு எட்டிப்பார்த்தது. முலாம் அவ்வளவு மெல்லியது. பட்டறைக்காரர் விளக்குக்குச் செய்வதைத்தான் செய்திருந்தார். எனக்கு என்ன வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை.

அதனால், என்ன கேட்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செம்பு. வெள்ளி, தன் அடியில் இருப்பதை அப்படியே நகலெடுக்கும். செம்பில் கீறல் இருந்தால் முலாம் அதை மூடாது, மேலே கொண்டுவரும். அதனால் முலாமுக்குக் கொடுப்பதற்கு முன்பே செம்பில் உங்கள் முகம் தெளிவாகத் தெரியும்வரை மெருகேற்றிவிடுங்கள். கரடான தேய்ப்பு எல்லாம் செம்போடு முடிந்துவிட வேண்டும். 1,200 எண் உப்புத்தாளில் இருக்கும் துகளே சுமார் 15 மைக்ரான் பருமன். முலாமைவிடத் துகள் பெரிது. அதை வெள்ளியில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செம்பின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் வசதி. தங்கம் ஏற்றும்போது தகட்டின்மேல் கரைசல் தளும்பி நிற்க வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துகொடுக்கும், கரைசல் ஒரு பக்கமாக வழிந்துவிடும். பித்தளை வேண்டாம் என்பேன். செம்பைவிடக் கெட்டியானது, மெருகும் எளிதாக ஏறும், உண்மைதான். ஆனால் அதில் உள்ள துத்தநாகம் வெள்ளிக்குள் ஊடுருவும். பித்தளைதான் கையில் இருக்கிறது என்றால் வெள்ளிக்கு முன் நிக்கல் அடுக்கு ஒன்று கட்டாயம். செம்புக்கும் நிக்கல் அடுக்கு போடச் சொல்வது நல்லது. செம்பு மேலே ஏறிவராமல் அது தடுக்கும், தேய்க்கும்போது அடியில் கெட்டியான தளமாகவும் இருக்கும்.

வெள்ளி எவ்வளவு? பழைய 40 முத்திரைத் தகட்டின் 12 மைக்ரானைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 20 கேட்கிறேன். நடுவில் 20 இருக்க வேண்டும் என்று சொல்லியே கேட்கிறேன், ஏனென்றால் மின்முலாமில் ஓரங்களுக்கு மின்னோட்டம் அதிகம் போகும். ஓரம் தடித்தும் நடு மெலிந்தும் வருவது இயல்பு. முகம் விழப்போவது நடுவில்தானே. ஒரு நுண்ணிய விஷயம்: முலாம் தொட்டியில் பளபளப்புக்காகச் சேர்க்கும் பொருட்கள். அவற்றில் சில வெள்ளியோடு சேர்ந்தே படிந்துவிடும். வெள்ளியின் தூய்மையும் மென்மையும் மாறும். பளபளப்புச் சரக்கு இல்லாத, பால் போல மங்கலான வெள்ளி போதும் என்று சொல்லுங்கள். பளபளப்பை நீங்களே கையால் கொண்டுவரப்போகிறீர்கள். மேலே வார்னிஷோ, கறுக்காமல் இருப்பதற்கான ரசாயனமோ, ரோடியமோ கூடவே கூடாது. இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையில் சொன்னது தொட்டி வரை போய்ச் சேராது.

தகட்டை வேண்டிய அளவில் வெட்டிய பிறகே முலாம் போடுங்கள். அப்போதுதான் வெட்டிய ஓரத்திலும் வெள்ளி ஏறும், கரைசல்களில் செம்பு படாது. ஒரு மூலையில் சிறு துளை போட்டுக் கொடுத்தால் கம்பியில் தொங்கவிட வசதி. சட்டத்துக்குள் அந்த மூலை மறைந்துவிடும்.

வீட்டிலேயே முலாம் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளி முலாமுக்குப் பரவலாகப் பயன்படும் தொட்டி சயனைடு. அது முறையான பட்டறையில் இருக்கட்டும். சயனைடு இல்லாத கரைசல்களும் விற்கிறார்கள். அவற்றில் ஓரிரு மைக்ரான் ஏற்றுவது எளிது, 20 மைக்ரானை ஒரே சீராக ஏற்றுவது வேறு வித்தை. அந்த நாட்களை மெருகு பழகச் செலவிடுங்கள் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்து அமெரிக்காவின் கைதேர்ந்த ஸ்டூடியோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒட்டி உருட்டிய தகட்டை வாங்கி, மெருகேற்றி, அதன்மேல் இன்னொரு மெல்லிய வெள்ளியை மின்சாரத்தால் ஏற்றிக்கொண்டார்கள். அடியில் உருளையின் கெட்டித்தன்மை, மேலே புதிதாகப் படிந்த சுத்த வெள்ளி. பாஸ்டனின் சவுத்வொர்த் அண்ட் ஹாஸ் போன்றவர்களின் படங்களில் தெரியும் அந்த ஆழத்துக்கு இந்த இரட்டை வேலையும் ஒரு காரணம். ஒட்டியதா, முலாமா என்று நாம் எதிரெதிராக வைத்துப் பேசுவதை அவர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள்.

முழு வெள்ளித் தகடு

செம்பே வேண்டாம், முழுத் தகடும் வெள்ளியாக இருந்தால்? நிறையப் பேர் இதைக் கேட்டதுமே அவ்வளவு வெள்ளியா என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒதுங்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே மனம் மாறியது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் அதிகம் புழங்கிய அளவு, முழு அளவுத் தகட்டில் ஆறில் ஒரு பங்கு: ஏறத்தாழ 7 செ.மீ. × 8.3 செ.மீ. அரை மில்லிமீட்டர் கனத்தில் அதற்கு ஆகும் வெள்ளி சுமார் 30 கிராம். அதே அளவு செம்பில் ஒரு பக்கம் 20 மைக்ரான் முலாம் போட்டால் ஆகும் வெள்ளி வெறும் 1.2 கிராம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் அந்த 30 கிராம் எங்கும் போய்விடுவதில்லை. முலாம் தகட்டில் ஒரு தடவை செம்பு தெரிந்துவிட்டால் தகடு முடிந்தது, திரும்பப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். முழு வெள்ளியில் எவ்வளவு தேய்த்தாலும் அடியில் வெள்ளிதான். மோசமான படம் வந்தால் தேய்த்து அழித்துவிட்டு மறுநாள் அதே தகட்டில் தொடங்கலாம். ஐம்பது முறை தோற்றாலும் தகடு அப்படியே இருக்கும்.

பழகுகிறவருக்கு வேண்டியது இதுதான். தொடக்கத்தில் நம் கை கரடாக இருக்கும். அழுத்தம் ஒரே சீராக வராது, ரூஜ் என்ற மெருகுப் பொடியின் அளவு தெரியாது, பஃப் என்ற தேய்ப்புக் கட்டையில் ஒரு மணல் துகள் ஒட்டியிருப்பதைக் கவனிக்க மாட்டோம். மெல்லிய முலாம் அந்தக் கையைத் தாங்காது. விலை உயர்ந்த தகட்டைத் தேர்ச்சி வந்த பிறகு வாங்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்கு நடந்தது நேர் எதிர். இரண்டே இரண்டு சிறிய வெள்ளித் தகடுகள் வாங்கிய பிறகுதான் பயம் போய் மெருகு படிந்தது.

குறைகளும் உண்டு. சுத்த வெள்ளி மிக மென்மையானது. சுண்டினால் வளையும், பருத்தித் துணியில் இருக்கும் தூசிகூடக் கீறும். சூடுபடுத்தி இளக்காமல், உருட்டிய கெட்டித்தன்மையோடே தகடாகக் கேளுங்கள். மெருகேற்றும்போது அடியில் சமமான மரக்கட்டையோ கண்ணாடியோ வைத்து அதோடு பொருத்திக்கொள்ளுங்கள். பெரிய அளவுக்கு இது ஒத்துவராது. 16.5 × 21.6 செ.மீ. கொண்ட முழு அளவுத் தகடு அரை மில்லிமீட்டரில் சுமார் 187 கிராம் வெள்ளி கேட்கும். அப்போதும் தளதளவென்று ஆடும்.

ஒரு எச்சரிக்கை. பாதரச முறையில் செய்பவர்கள் முழு வெள்ளித் தகட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது பாதரசம் வெள்ளியோடு கலந்து அதிலேயே தங்குகிறது. தேய்க்கும்போது வரும் பொடியிலும் அது இருக்கும். அந்தத் தகட்டை ஒருநாள் விற்றால், வாங்கியவர் உருக்கும்போது பாதரச ஆவி கிளம்பும். உருக்குகிறவருக்கு அது தெரியவே போவதில்லை. ஆகையால் பாதரசம் பட்ட தகட்டைப் பழைய வெள்ளியாகக் கடையில் போடாதீர்கள். பெக்கரேல் முறையில் இந்தக் கவலை இல்லை. முழு வெள்ளியைப் பாதரசம் இல்லாத முறைக்கு மட்டும் நான் பரிந்துரைப்பது இதனால்தான்.

92.5 வெள்ளி ஆகுமா?

ஆகாது. ஆனால் கடையில் வெள்ளித் தகடு கேட்டால் முதலில் எடுத்து நீட்டுவது இதைத்தான் என்பதால் காரணம் சொல்ல வேண்டும். நூறில் ஏழரைப் பங்கு செம்பு. அந்தச் செம்பு வெள்ளிக்குள் சீராகக் கரைந்து நிற்பதில்லை, நுண்ணிய திட்டுகளாகவும் பிரிந்து கிடக்கிறது. அயோடின் ஆவி பட்டால் வெள்ளி ஒருவிதமாக, செம்பு ஒருவிதமாக மாறும். படத்தில் புள்ளியும் மங்கலும் வரும். சூடு காட்டி அமிலத்தில் தோய்த்து எடுத்தால் மேல்தோலில் இருக்கும் செம்பு போய் வெண்மையான சுத்த வெள்ளி நிற்கும், பட்டறைகளில் தெரிந்த வேலைதான். அந்தத் தோல் மிக மெல்லியது. முதல் மெருகிலேயே போய்விடும். 999 என்று முத்திரை இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கண்ணாடியும் மற்றவையும்

கண்ணாடியில் வெள்ளி ஏற்றிப் பயன்படுத்தலாமா என்ற யோசனை பலருக்கு வரும். கண்ணாடியைவிடச் சமதளம் வேறு எதுவும் இல்லை, மெருகேற்றும் வேலையும் இல்லை. ரசாயனக் கரைசலால் ஏற்றும் வெள்ளி ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் வரும். ஆச்சரியமாக, அயோடினுக்கு அதுவே போதும். மஞ்சளிலிருந்து ஊதா வரை மாறும் முதல் சுற்று நிறத்துக்கு வெள்ளி செலவாவது மிகவும் குறைவு. சிக்கல் தண்ணீரில்தான். ஹைப்போ, கழுவல் என்று நனையும்போது படலம் ஓரத்தில் சுருண்டு உரியும். தங்கம் ஏற்றும் சூட்டைக் கண்ணாடி தாங்குமா என்பது தனிக் கவலை. துடைத்துச் சரிசெய்யவும் வழியில்லை. அயோடின் நிறங்களைப் பழகவும், வெயிலில் எத்தனை நிமிடம் என்று கணிக்கவும் மலிவான சோதனைத் தகடாக வைத்துக்கொள்ளலாம். வீட்டில் மாட்டும் கண்ணாடி இதற்கு உதவாது. அதில் வெள்ளியோ அலுமினியமோ பின்பக்கம் இருக்கும், அதற்குமேல் பெயின்ட்.

வெள்ளிக் காகிதத்தை ஒட்டிப் பார்க்கலாமா என்றால், மடிப்பும் பிசிறும் அப்படியே படத்தில் தெரியும். டின்டைப் என்ற இன்னொரு பழைய புகைப்படத்துக்கு விற்கும் கறுப்பு அலுமினியத் தகடு முற்றிலும் வேறு முறைக்கானது. அதில் வெள்ளியே இல்லை. பெயரைப் பார்த்து ஏமாந்து வாங்கிவிடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது?

தொடங்குகிறவர், பெக்கரேல் முறை, சிறிய அளவு என்றால் இரண்டு முழு வெள்ளித் தகடு. அதில் தயங்காதீர்கள். மூன்று நான்கு மாதம் அந்த இரண்டையே திரும்பத் திரும்பத் தேய்த்து, எடுத்து, அழித்துப் பழகுங்கள். அழிக்க மனம் வராத முதல் படம் வரும்போது முலாம் தகட்டுக்குப் போகலாம். அப்போது உங்கள் கைக்கு 20 மைக்ரான் தாராளமாகப் போதும். செம்பின் விறைப்பும் உதவும். தங்கம் ஏற்றிய படத்தை அழிக்கப்போவதில்லை என்பதால் ஒவ்வொரு தகடும் ஒரு படத்தோடு நின்றுவிடும், அங்கே 30 கிராம் வெள்ளி வீண்தான்.

பெரிய அளவில் செய்ய ஆசைப்படுகிறவருக்கு முலாம் ஒன்றே வழி. அதிலும் செம்பை மெருகேற்றும் வேலையில் பாதி நாள் போகும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 1848-இல் ஃபோன்டெய்ன், போர்ட்டர் என்ற புகைப்படக்காரர்கள் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரின் ஆற்றங்கரையை எட்டு முழு அளவுத் தகடுகளில் எடுத்தார்கள். பல வருடம் கழித்து அந்தத் தகடுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள கடிகார முகப்பில் மணி பார்க்க முடிந்தது. அந்தக் கடிகாரத்தைக் காட்டும் தகடு, அதே துல்லியத்தோடு நம் ஒவ்வொரு கீறலையும் காட்டும். எட்டு தகடுகளையும் அவ்வளவு சீராகத் தேய்த்த கைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

பாதரச முறையைப் பற்றிக் கேட்டால், தகட்டைப் பொறுத்தவரை நல்ல முலாமோ ஒட்டிய தகடோ இரண்டும் சரி. ஆனால் ஆவி உறிஞ்சும் முறையான பெட்டியும், கற்றுக்கொடுக்க ஆளும் இல்லாமல் வீட்டுக்குள் அதைத் தொடாதீர்கள். அயோடினுக்கே காற்றோட்டம் வேண்டும், பாதரசத்தின் ஆபத்து அதைவிடப் பல மடங்கு.

எந்தத் தகடானாலும் மெருகேற்றியதும் அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். ரப்பர் கையுறையிலும் சிலவகைக் காகிதத்திலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். நைட்ரைல் கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ் வேண்டவே வேண்டாம். அதில் மெழுகும் கறுக்காமல் காக்கும் சரக்கும் கலந்திருக்கும், முன்பு சொன்ன வார்னிஷ் கதைதான் திரும்ப நடக்கும். ரூஜும் மான்தோலும் போதும்.

முலாமுக்குப் பத்துத் தகடு கொடுக்க நினைத்தால் முதலில் ஒன்றை மட்டும் கொடுங்கள். வாங்கி வந்ததும் மெருகேற்றி அயோடின் பெட்டியில் வையுங்கள். வெளிர் மஞ்சள், அடர் மஞ்சள், ரோஜா, ஊதா என்று நிறம் ஒரே சீராக மாறிக்கொண்டே போனால் மேலே சுத்த வெள்ளிதான். ஓரிடத்தில் மட்டும் நிறம் பின்தங்கினால் அங்கே வார்னிஷோ எண்ணெயோ செம்போ இருக்கிறது. பிறகு அதே தகட்டில் தண்ணீர் ஊற்றி, ஓரத்தில் குமிழி வரும்வரை அடியில் தீபம் காட்டுங்கள். முலாம் கொப்பளிக்கவில்லை என்றால் மீதி ஒன்பதையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.